சபையும் செவியும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வராதவர் நம்மில் குறைவு. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகளும் பாடநூல் வழியே அனைவருக்கும் அறிமுகமானவை. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், அதனுள் கைவிடும் சிறுவன் என அந்நிகழ்ச்சி நம் மனத்தில் ஒரு சித்திரமாகப் பதிந்துவிட்டது. சித்திரத்துக்கு ஓசை கிடையாது. கல்வெட்டு வருணிக்கும் முறையோ ஓசையால் நிறைந்தது. குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவது கண்ணுக்கான ஏற்பாடு. அதன்பின் நடப்பவை செவிக்கானவை. சிறுவன் எடுத்த ஓலையை மத்யஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்கிறான். பிறகு மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்கிறார்கள். இவ்வாறு பலர் வாயால் ஒலித்த பின்புதான் அந்தப் பெயர் எழுதிக்கொள்ளப்படுகிறது.

சபை கூடுவதைப் பறையறைந்தும் காளம் ஊதியும் அறிவித்த வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், அக்காலத்து ஊராட்சி முதன்மையாகச் செவியை நம்பி நடந்தது என்பது விளங்கும். அப்படியானால், காது மந்தமாகிப்போன ஒருவருக்கு அங்கே என்ன இடம்? இரண்டாம் கல்வெட்டு வாரியத்துக்கு வகுக்கும் வயது வரம்பு 35 முதல் 70 வரை. எழுபதை நெருங்கிய பெரியவர்கள் இருந்த அவையில் கேள்வி குறைந்தவர்கள் இருந்தே இருப்பார்கள். தகுதியற்றோர் பட்டியலில் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வருகிறார்கள். பெரும்பாதகம் செய்தவர் வருகிறார். பிறர் பொருளைக் கவர்ந்தவர் வருகிறார். காது கேளாதவர் வருவதில்லை. (இதை வைத்து அந்தச் சபையை நாம் அளவுமீறிப் புகழ்ந்துவிட வேண்டியதில்லை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் கேட்ட பிரமதேயச் சபை அது. ஊரில் உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.)

கல்வெட்டை இந்தக் கோணத்தில் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இன்று அதே உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், காது மந்தமாகிவிட்டதை வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளும் நடுவயதினரும் முதியவரும் பலர். கண் மங்கினால் கூச்சமின்றிக் கண் முகாமுக்குப் போகிறவர்கள், காது மங்கினால் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. வறுமையும் தொலைவும் இதற்கு ஓரளவு காரணம். ஆனால் அவை கண்ணுக்கும் பொதுவானவைதானே? எஞ்சுவது வெட்கம். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

*

நூல்களிலிருந்து தொடங்கலாம். மனு ஸ்மிருதியின் ஏழாம் அத்தியாயம், அரசன் மந்திராலோசனை செய்யும் இடத்திலிருந்து அகற்றப்பட வேண்டியவர்களைப் பட்டியலிடுகிறது. அறிவிலி, ஊமை, குருடர், முதியவர் ஆகியோருடன் செவிடரும் அதில் இருக்கிறார். ஒன்பதாம் அத்தியாயம் பிறவிக் குருடருக்கும் பிறவிச் செவிடருக்கும் சொத்தில் பங்கு இல்லை என்கிறது. சோறும் துணியும் கொடுத்தால் போதும். நம்முடைய புறநானூறும் இதில் பின்தங்கியதல்ல. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய பாடல் ஒன்று, மனிதப் பிறப்பின் எட்டு எச்சங்களில் ஒன்றாகச் செவிட்டையும் எண்ணி, அப்பிறவிகளால் பயனில்லை என்ற பழைய கருத்தை எடுத்துரைக்கிறது. 'எச்சம்' என்ற சொல்லின் பொருளைத் தமிழறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

வள்ளுவர் வேறு வழியில் போகிறார். கேள்விக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, செவியால் வரும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயது என்கிறார். கேள்வியறிவால் துளைக்கப்படாத செவி ஓசையைக் கேட்டாலும் கேளாத செவியே என்பதும் அங்கே வரும் கருத்து. அறிவற்றவனைச் செவிடன் என்று சொல்வது அழகான உருவகம்தான். ஆனால் உருவகங்கள் இருபுறமும் வேலை செய்பவை. அறிவில்லாதவன் செவிடன் என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்த சமூகத்தில், செவிடன் அறிவில்லாதவன் ஆகிவிடுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

மொழியே இதற்குச் சாட்சி. தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை காதால் கேட்பதையும், வினவுவதையும், சொற்படி நடப்பதையும் குறிக்கும். 'பிள்ளை சொன்னால் கேட்பதில்லை' என்றால் அவனுடைய காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது 'கேள்' உறவையும் நட்பையும் சுட்டும். கேளிர் என்போர் உறவினர். ஆகவே கேட்க இயலாதவர் ஒரே சமயத்தில் மூன்று பழிகளுக்கு உள்ளாகிறார். அறிவு குறைந்தவர், சொல் கேளாதவர், உறவில் ஒட்டாதவர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியிலும், டமாரச் செவிடு என்ற வசையிலும், நாடகத்திலும் திரையிலும் ஒன்றைக் கேட்க ஒன்றைச் சொல்லிச் சிரிப்பு மூட்டும் கிழவரிலும் இந்த மூன்றும் கலந்தே இருக்கின்றன. குருடரைப் பார்த்து இரங்கும் பண்பாடு, செவிடரைப் பார்த்துச் சிரிக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு நம் சிவன் கோயில்களில் உண்டு. சண்டிகேசுவரர் முன் நின்று கை தட்டுவதோ விரல் சொடுக்குவதோ ஏன் என்று கேட்டால், அவருக்குக் காது கேட்காது, தட்டினால்தான் திரும்புவார் என்று ஊர்ப்பாட்டிகள் விளக்கம் சொல்வார்கள். ஆகமம் அறிந்தவர்கள் அவர் தியானத்தில் இருக்கிறார் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலங்களை வாங்கியதும் விற்றதும் இந்தச் சண்டேசுவரர் பெயரால்தான். மக்கள் வாய்மொழியில் செவிடராகிவிட்ட தெய்வமே கோயில் சொத்துக்கெல்லாம் அதிகாரியாக இருந்திருக்கிறது. அவர் தெய்வம், மனிதருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

*

சட்டம் இந்தப் பழைய விலக்குகளை மெதுவாகவே அவிழ்த்தது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் இந்துச் சட்டம் என்ற பெயரில் பிறவிச் செவிடரின் வாரிசுரிமை விலக்கைப் பின்பற்றிவந்தன. 1928இல் வந்த இந்து வாரிசுரிமைத் தடைகள் நீக்கச் சட்டம், பிறவிப் பித்தும் மூளை வளர்ச்சியின்மையும் தவிர்த்த மற்றக் குறைகளின் பேரில் மிதாட்சர முறையினரின் பங்கை மறுக்கக்கூடாது என்றது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் எஞ்சியதையும் துடைத்தது. ஆனால் 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், நகர்மன்ற உறுப்பினராகத் தகுதியற்றோர் வரிசையில் மனநிலை பிறழ்ந்தோர், தொழுநோயாளர் ஆகியோருடன் செவிட்டூமைகளையும் சேர்த்தது. கவனியுங்கள்: 921இன் உத்திரமேரூர்ப் பட்டியலில் இல்லாத ஒரு விலக்கு, ஏறக்குறைய ஓராயிரம் ஆண்டு கழித்து நவீனச் சட்டப் புத்தகத்தில் ஏறுகிறது. அது சட்டத்திலிருந்து மறைந்தது நம் காலத்தில்தான்.

இவை பிறவியிலேயே கேளாதோர் பற்றியவை, நடுவயதில் கேள்வி குறைந்தவருக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். சட்டப்படி தொடர்பில்லை. பின்னாளில் காது போனவரின் பங்கை எந்த நீதிமன்றமும் பறிக்கவில்லை. ஆனால் வெட்கம் சட்டப்பிரிவுகளைப் படித்துவிட்டு வருவதில்லை. ஐம்பது வயதுவரை பஞ்சாயத்தில் பேசியவர், பாகப்பிரிவினையில் நடுவராக அமர்ந்தவர், பெண் பார்க்கும் வீட்டில் முதல் வார்த்தை எடுத்தவர், தாம் இதுகாறும் சிரித்துவந்த அந்தக் கிழவர் இருந்த இடத்துக்குத் தாமே தள்ளப்படுவதை உணர்கிறார். பிறவியில் கேளாதவருக்கு இந்த இறக்கம் இல்லை. அவருக்குச் சைகை மொழி உண்டு, ஒத்த நண்பர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் 1890களில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கியது போன்ற பள்ளிகளும் உண்டு. இடையில் இழந்தவருக்கு எந்தக் கூட்டமும் இல்லை. அவர் கேட்போர் கூட்டத்திலேயே ஒளிந்திருக்க வேண்டும்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் களங்கம் பற்றி எழுதிய நூலில், ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட குறையையும் இன்னும் வெளிப்படாத குறையையும் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையினரின் வாழ்க்கை முழுவதும் வெளிப்பாட்டைத் தள்ளிப்போடும் சாமர்த்தியமாகவே கழிகிறது. காது மந்தம் இந்த வகைக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. தலையசைப்பு, பொதுவான சிரிப்பு, 'ஆமாமாம்', கூட்டத்தில் ஓரமாக உட்காருவது, மனைவியை முன்னால் பேசவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது: பேசுகிறவன் கேட்க வேண்டியதில்லை அல்லவா? 1802இல் பீத்தோவன் தம் சகோதரர்களுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த நீண்ட மடலிலும் இதுதான் இருக்கிறது. உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேட்கவில்லை என்று பிறரிடம் சொல்ல முடியாததால்தான் மனிதர்களை விட்டு விலகினேன் என்கிறார் அதில். அவரை உலகம் கடுகடுப்பானவர் என்றே எண்ணியது.

*

கருவிகளின் வரலாறும் பெரும்பாலும் ஒளித்தலின் வரலாறே. போர்த்துகல் அரசர் ஆறாம் ஜானுக்காக 1819இல் லண்டனில் ரெயின் என்பவர் ஒரு சிம்மாசனம் செய்தார். அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்கள். பேச வந்தவர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேச, குரல் உள்ளிருந்த குழாய் வழியே அரசரின் காதை எட்டியது. அரசருக்கு வந்த குறைக்கு முழங்கால் வலி மற்றவர்களுக்கு! பிறகு விசிறிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் ஒளிந்த ஊதுகுழல்கள் வந்தன. 1950களில் மூக்குக் கண்ணாடியின் காம்புக்குள்ளேயே கருவியை வைத்தார்கள். செவிக் குறையை மறைக்கக் கண் குறை முகமூடியானது. மாறாக, ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ 1834இலேயே தம் போன்றோருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, மறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, தாமும் ஊதுகுழலைக் கையில் பிடித்தபடியே விருந்துகளுக்குப் போனார். 1983இல் அமெரிக்க அதிபர் ரீகன் காதில் கருவியோடு வெளியில் தோன்றியதும் அங்கே விற்பனை பெருகியது. அதிகாரத்தில் இருப்பவர் அணிந்தால் களங்கம் சற்றுக் கரையும் போலும். நம் நாட்டில் அரசியல்வாதிகளின் கறுப்புக் கண்ணாடி அடையாளச் சின்னமே ஆயிற்று. காதுக் கருவிக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை.

கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான இந்தப் பாகுபாட்டுக்கு நிறுவன வரலாறும் காரணம் என்று கருதுகிறோம். சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கியது 1819இல். அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் படங்களோடு சிகிச்சைக் குறிப்புகள் எழுதிவைத்தார். 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கண் முகாம் போடாத ஊர் இல்லை. காதுக்கு? மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் உருவானது. தேசியச் செவிட்டுத்தன்மைத் தடுப்புத் திட்டமோ 2006-07இல்தான், அதுவும் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. முப்பது ஆண்டு இடைவெளி. இந்தியாவில் குறிப்பிடத்தக்க செவிக்குறை உடையோர் 6.3 கோடிப் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைக் காட்டி அத்திட்டமே சொன்ன எண். காதுக் கருவி தேவைப்படுவோரில் ஐந்தில் ஒருவரைக்கூட உலகளவில் அது எட்டவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டவரைப் படித்தவர் என்கிறோம். 'காது மிஷின்' மாட்டியவரைப் பார்த்ததும் ஒரு படி குரலை உயர்த்தி, இரண்டு படி மரியாதையைத் தாழ்த்துகிறோம்.

அந்த மிஷினும் நம் கிராமங்களுக்கு வெகுகாலம் வந்தது சட்டைப்பை மாதிரியில்தான். 1981இல் தொடங்கிய மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் கொடுக்கப்பட்டவற்றில், பையில் ஒரு பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஏறும் கம்பியுமாக இருந்த கருவிகள் ஏராளம். ஆண்கள் அதை டிரான்சிஸ்டர் ரேடியோ என்று சொல்லிச் சமாளிக்கலாம். சட்டைப்பை இல்லாத பெண்கள் எங்கே வைப்பார்கள்? மறைக்கவும் வழியில்லை, மாட்டவும் வழியில்லை.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நடுக்காதின் சிற்றெலும்பு இறுகிப்போகும் ஒரு நோய் பெண்களிடம் மிகுதி, இளவயதிலேயே தொடங்கும். 1956இல் ஜான் ஷே செய்துகாட்டிய அறுவையிலிருந்து வளர்ந்த சிகிச்சை அதற்கு உண்டு. பலர் மருத்துவரிடம் போவதே இல்லை. தாய்க்குக் காது கேட்காது என்ற செய்தி பரவினால் மகளுக்கு வரன் அமையாது என்ற அச்சம் முன்னால் வந்து நிற்கிறது. குடும்பத்தில் ஓடும் குறையோ என்று சம்பந்தி வீட்டார் யோசிப்பார்கள். ஆகவே அவள் மாமியாரிடம் 'கவனமில்லாதவள்' என்ற பெயரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறாள்.

*

காது எப்படிக் கெடுகிறது என்பது பொதுவாக அறியப்படாததும் இந்த மறைவுக்கு உதவுகிறது. முதுமையாலோ பெருஞ்சத்தத்தாலோ வரும் இழப்பில், முதலில் போவது உச்ச அலைவரிசை. உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அவை விழுந்துகொண்டே இருக்கும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் நழுவும். பட்டும் பத்தும் ஒன்றாகிவிடும். பேரக் குழந்தையின் குரல் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரரின் கட்டைக்குரல் நன்றாகக் கேட்கும். தனியே பேசினால் புரியும், கல்யாண வீட்டில் புரியாது. இதோடு, உட்காதின் உணர்செல்கள் கெட்டவருக்கு மெல்லிய ஓசை கேட்காது, ஆனால் உரத்த ஓசை மற்றவர்களைப் போலவே, சில சமயம் அதைவிட அதிகமாகவே, அறையும். 'கத்தாதே' என்று அவர் சீறுவது அதனால்தான். வீட்டார் இதையெல்லாம் தொகுத்து ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்: வேண்டியது மட்டும்தான் அந்தக் காதில் விழும்.

உத்திரமேரூர் வட்டத்தில் கல்குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் உண்டு. நெல் அரைவை ஆலைகள் உண்டு. சற்றுத் தள்ளி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குத் தினமும் பேருந்தேறும் இளைஞர்கள் உண்டு. இரைச்சலால் வரும் செவிக்குறை சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஆனால் அறிவிப்பதற்கு ஒருவர் தமக்குக் கேட்கவில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறார்? பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பான் கேட்காதவரை மேஸ்திரி மறுநாள் வேலைக்கு அழைக்கமாட்டார். இங்கே வெட்கம் வெறும் வீண்கௌரவம் அல்ல, அரிசி. சிகிச்சை கூச்சத்தை வென்றால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடும் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளோடு நமக்கு உடன்பாடில்லாமல் போவது இந்த இடத்தில்தான். உலகக் கேட்டல் நாளுக்கு 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் மனப்போக்கை மாற்றுவோம் என்பதைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டது சரியே. மேஸ்திரியின் மனப்போக்கையும் அதில் சேர்க்க வேண்டும்.

துணிந்து புறப்படுகிறவரின் வழியையும் பார்ப்போம். முறையான செவிப் பரிசோதனைக்குக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டும். இரண்டுமே ஏறக்குறைய 30 கி.மீ. உடன் ஒருவர் வர வேண்டும், ஏனென்றால் பெயர் கூப்பிடும்போது கேட்காது. காது கேளாதோர் பிரிவிலும் வரிசையைக் குரலால்தான் அழைக்கிறார்கள் என்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதன்பின் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசையில் இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்கு இழப்பு இருந்தால்தான் ஒருவரைக் கேள்வி குறைந்தவராக ஏற்கும். சாதாரண உரையாடலின் வலிமையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஐம்பது டெசிபல் இழந்தவர் சட்டத்தின் கண்ணில் குறையில்லாதவர். ஊரின் வாயில் செவிடர். சான்றிதழ் கிடைக்காது, பட்டம் மட்டும் கிடைக்கும். அவர் தம் குறையை வெளியே சொல்லிப் பெறப்போவது என்ன என்று கணக்குப் பார்த்தால், மௌனமே லாபமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஊராட்சிகளிலும் நகர உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்களைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 1920இன் விலக்கை நினைத்துப் பார்க்கையில் இது பெரிய திருப்பம். கிராம சபைக் கூட்டங்களும் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை என்று உயர்த்தப்பட்டன. கூட்டம் பெரும்பாலும் பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ நடக்கிறது. ஒலிபெருக்கி உண்டு. காது மந்தமானவருக்கு அது ஓசையைப் பெருக்குமேயன்றிச் சொல்லைத் தெளிவாக்காது. செயலர் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார், கூட்டம் கை தூக்குகிறது. எழுதி ஒட்டிவைத்த தாள் இருந்தால் அதைப் படித்துவிட்டு வரக்கூடியவர்கள், அது இல்லாத ஊர்களில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தாமும் கை தூக்குகிறார்கள். பிறகு வருகைப் பதிவேடு சுற்றி வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.